கொலைகாரனுக்கு நான் கொடுத்த மீசை

குற்றச் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைக் கேட்டார்: "ஐயா, எழுதினதுக்காக எப்பவாவது அடி வாங்கியிருக்கீங்களா?" அடி வாங்கியதில்லை. ஒரு பானை நீர்மோர் வாங்கியிருக்கிறேன், தலையில். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் இடித்துப் போட்ட நல்ல மோர். அதிலும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான் அதிகம். அந்தக் கதையைச் சொல்கிறேன், வேலைக்கு உதவும்.

நான் உங்களைப் போலப் பத்திரிகையில் தொடங்கியவன் அல்ல. நாடு விடுதலை அடைந்த புதிதில், இராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, சோடா பாட்டில் லேபிள், கருமாதிக் கடிதம் என்று எது வந்தாலும் அடிப்போம். ஆனால் அந்த அச்சகத்துக்குச் சோறு போட்டது கொலைதான். எங்கேயாவது ஒரு கொலை விழுந்தால், அதை எட்டுப் பக்கப் பாட்டாக எழுதி, ரோஸ் தாளில் அட்டை போட்டு, ரயிலடியிலும் சந்தையிலும் பாடி விற்பார்கள். கொலைச் சிந்து என்று அதற்குப் பெயர். இன்று நீங்கள் முதல் பக்கத்தில் மூன்று பத்திக்குப் போடுகிற செய்தியைத்தான் நாங்கள் கஞ்சிராவோடு போட்டோம்.

எனக்கு எதுகை மோனை வரும் என்று தெரிந்ததும் முதலாளி பாட்டு எழுதும் வேலையையும் என் தலையில் கட்டினார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நான் எழுதிய வரியை ஊரே பாடுகிறது என்றால் கால் தரையில் நிற்குமா? பாடி விற்றவர் வண்ணாரப்பேட்டை காதர் பாய். ஆறடி ஆள். தொண்டையைத் திறந்தால் துறைமுகத்தில் சங்கு ஊதுவதா, இவர் பாடுவதா என்று சந்தேகம் வரும்.

"கேளும் ஐயா கேளும் – இந்தக் கேடுகெட்ட சேதி கேளும்" என்று அவர் எடுத்தால், ரயிலுக்கு நிற்பவர்கள் ரயிலை விட்டுவிட்டு நிற்பார்கள்.

இப்போது ஒரு தொழில் ரகசியம். அட்டையில் கொலைகாரன் படமும் கொலையுண்டவர் படமும் போட்டே ஆகவேண்டும். அது இல்லாவிட்டால் யாரும் கையில் தொடமாட்டார்கள். புகைப்படத்துக்கு எங்கே போவது? கிடைத்தாலும் அதை அச்சடிக்கும் பிளாக்காகச் செதுக்க எத்தனை நாள் ஆகும்? அதனால் அச்சகத்தில் ஒரு மர இழுப்பறை நிறையப் பழைய பிளாக்குகள் கிடந்தன. அதிலிருந்து முகத்துக்குத் தக்கபடி எடுத்து வைப்போம். மனைவிக்கு ஒரு பூ வைத்த அம்மாள், கிழவிக்கு ஒரு கிழவி, கொலைகாரனுக்கு ஒரு வெள்ளைக்காரன்.

ஆம், வெள்ளைக்காரன்தான். ஏதோ ஒரு சோப்பு விளம்பரத்தில் வந்தவன். அவனுக்கு எங்கள் ஆசாரி ஒரு மீசை வெட்டிக் கொடுத்திருந்தார். அந்த மீசையோடு அவன் ஆறு வருடத்தில் இருபது கொலை செய்திருந்தான். எங்கள் முதலாளிக்கு இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கொலைகாரனுக்கு வைக்கிற முகம் ஒன்று செத்துப்போன முகமாக இருக்கவேண்டும், அல்லது கப்பல் ஏறிப் போன முகமாக இருக்கவேண்டும். "உயிரோட இருக்கிறவன் மூஞ்சியை வைக்காதே. அவன் தெருவுல நடப்பான்" என்பார். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். இளமையில் நல்ல புத்தியெல்லாம் சிரிப்பாகத்தானே காதில் விழுகிறது.

அந்த வருடம் மாசி மாதம் பொன்னேரிப் பக்கத்து ஒரு கிராமத்தில் ஒரு குடும்பத்தையே வெட்டிப் போட்டுவிட்டான் ஒருவன். புருஷன், பெண்சாதி, புருஷனின் தாய், ஒரு கைக்குழந்தை. நான்கு உயிர். பொதுக் கிணற்றில் யார் முறைக்கு ஏற்றம் இறைப்பது என்று பங்காளிகளுக்குள் மூன்று தலைமுறையாக இருந்த தகராறு. வெட்டிய பங்காளி ஓடிவிட்டான். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது.

செய்தி எனக்கு எப்படிக் கிடைத்தது? வடக்கேயிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் கீரையும் கத்திரிக்காயும் கொண்டுவரும் பெண்கள் சொல்லித்தான். ரயிலடியில் அரை மணி நேரம் நின்று கேட்டேன். அவ்வளவுதான் என் விசாரணை. ஊருக்குப் போகவில்லை, போகவேண்டும் என்று தோன்றவும் இல்லை. பார்க் டவுனில் ஒரு அச்சகம் எங்களுக்குப் போட்டி. அவர்கள் முந்திக்கொண்டால் எங்கள் சிந்து விலை போகாது. மூன்று நாளில் திருவொற்றியூர்த் தேர் வேறு. தேர்க் கூட்டத்துக்குள் புத்தகம் போகவேண்டும் என்று முதலாளி செங்கல்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டு ஒரே நாளில் முடிந்தது. பெருமையாகச் சொல்கிறேன், கிழவி புலம்பும் இடத்தில் நானே அழுதுவிட்டேன். அச்சில் ஏற்றும் நேரத்தில் வெள்ளைக்காரனை எடுத்துப் பார்த்தால், மூக்கு தேய்ந்து மொழுக்கென்று இருக்கிறது. இருபது கொலை செய்தால் தேயத்தானே செய்யும். இழுப்பறையைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து ஒரு பிளாக் விழுந்தது. அடேயப்பா, என்ன மீசை! இரண்டு கன்னத்தையும் தாண்டி மேலே வளைந்து, பார்த்தாலே பிள்ளைகள் அழும். உருட்டிய கண். யார், எவர், இருக்கிறாரா, இல்லையா என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை. "கிடைச்சான்டா நம்ம கொலைகாரன்" என்று துள்ளிக் குதித்து மெஷினில் ஏற்றினேன்.

தேரன்று காலை நானும் பாயும் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகத்தோடு போய் இறங்கினோம். புதுச் சிந்தோடு பழைய சிந்துகளும் பெட்டியில் இருந்தன. பழையதையும் கேட்பவர்கள் உண்டு. நீர்மோர்ப் பந்தல் பக்கத்தில் நல்ல இடம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். காசிமேட்டுக்காரர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், உப்பளத்து ஆட்கள், மில் ஆட்கள் என்று எள் போட்டால் எள் விழாது. பாய் இரண்டு தடவை பாடி முடிப்பதற்குள் பாதிப் பெட்டி காலி. அட்டையைப் பார்த்தவர்கள் எல்லாரும் "மூஞ்சியப் பாரு, இவன் வெட்டாம வேற எவன் வெட்டுவான்" என்றார்கள். நான் பெருமையில் மிதந்தேன்.

பந்தலுக்கு எதிர்ப்புறம் ஒருவர் கால் வைத்த மடக்குப் பெட்டியை விரித்துப் பல்பொடி விற்றுக்கொண்டிருந்தார். கூட்டம் மறைத்திருந்ததால் நான் முகத்தைப் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது, தெற்கத்திப் பேச்சு.

"ஒரு தடவ தேய்ச்சிப் பாருங்க அண்ணாச்சி, கரும்பக் கடிக்கலாம், கல்லக் கடிக்கலாம்!"

பாய் மூன்றாவது தடவை பாட்டை எடுத்தார். ஒரு மீன்காரம்மா புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தாள். எதிர்ப்புறம் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"அய்யய்யோ! தோ நிக்கிறான் பாரு! கொல பண்ணவன் தோ நிக்கிறான்!"

திரும்பிப் பார்த்தேன். அதே மீசை. அதே உருட்டுக் கண். எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஞானமுத்து அண்ணாச்சி! தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் பல்பொடி இடித்து விற்பவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய பொட்டலத்துக்கு நாங்கள்தான் அவர் படம் போட்டு லேபிள் அடித்தோம். அப்புறம் அவர் வேறு அச்சகத்தில் புது பிளாக் செய்துகொண்டார், பழையது எங்கள் இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. முதலாளி சொன்னபடி அந்த மூஞ்சி தெருவில் நடந்துகொண்டிருந்தது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு பேர் அவரை அமுக்கிவிட்டார்கள். மூட்டை தூக்கும் ஒரு மாமிச மலை அவர் கழுத்தைப் பிடித்துப் பந்தல் காலோடு சேர்த்து அழுத்தியது. ஒருவன் கயிறு கொண்டுவந்தான். இன்னொருவன் பந்தலிலிருந்து சவுக்குக் கட்டையை உருவினான். இரண்டு போலீஸ்காரர்கள் இருந்தார்கள், ஆனால் தேருக்கு முன்னால், நாலு தெரு தள்ளி. கைக்குழந்தையை வெட்டியவன் என்று பாட்டில் கேட்டுக் கண்ணீர் விட்ட கூட்டம் அது. அழுத கையோடு அடித்தால் ஆள் பிழைக்கமாட்டான்.

"எய்யா, நான் இல்லய்யா! கோழி அறுக்கறதப் பாத்தாலே எனக்கு மயக்கம் வந்துரும்யா!" என்று கதறினார் அண்ணாச்சி. பாவம், அதோடு விட்டிருக்கலாம். தன்னை நிரூபிப்பதாக நினைத்து ஒரு பல்பொடிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இந்தா பாருங்க, என் படம்! இது நாந்தான்!"

மாமிச மலை பொட்டலத்தையும் சிந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

"அவனே ஒத்துகினான்டா! கொலையும் பண்ணிட்டு, பொட்லத்துல படத்தப் போட்டு வித்துகினு கீறான். இன்னா தில்லு பாரு!"

"பொடி ஏன் செவப்பா கீது, கேளு!" என்றாள் மீன்காரம்மா. அது காவிக்கல் பொடி. கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

இனி நான் சொல்வதைக் கவனியுங்கள். நான் வீரன் அல்ல. முதலில் நான் செய்தது, ரயிலடிப் பக்கமாகப் பத்து அடி நடந்தது. பதினோராவது அடியில் கட்டை முதுகில் விழும் சத்தமும் அண்ணாச்சியின் "அம்மா"வும் கேட்டன. திரும்பி ஓடி, "அவர் இல்லை! அவர் இல்லை!" என்று கத்தினேன்.

"நீ யாருடா? கூட்டாளியா?" என்று ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

ஆக, உண்மையைச் சொல்லியாயிற்று, கட்டை எனக்கும் ஓங்கியாயிற்று. கொதித்துப்போன கூட்டத்துக்கு உண்மையைச் சொல்லிப் பயனில்லை. வாயால் சொல்வதைவிடக் கண்ணுக்குக் காட்டவேண்டும். கையில் என்ன இருக்கிறது காட்டுவதற்கு? தகரப் பெட்டி இருந்தது. சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடிப் பெட்டி மேல் ஏறினேன். பழைய சிந்துகளில் இரண்டை உருவினேன்.

"எல்லாரும் இந்தப் பூ வெச்ச அம்மாவைப் பாருங்க! புதுப் புத்தகத்துல இவங்க வெட்டுப்பட்டுச் செத்தாங்க. இதோ போன ஆடியில வந்தது, இதுல தண்டவாளத்துல விழுந்து செத்தாங்க. இதோ, அதுக்கு முந்தின பொங்கலுக்கு வந்தது. இதுல இவங்க புருஷனுக்கு விஷம் வெச்சுட்டுத் தூக்குல தொங்கினாங்க! மூணு தடவை செத்து, நடுவுல ஒருத்தரைக் கொன்னும் இருக்காங்க! இந்த அம்மா யாருன்னு எனக்கே தெரியாது. அந்த அண்ணாச்சியும் கொலைகாரர் இல்லை. மீசை நல்லா இருந்துச்சுன்னு எடுத்துப் போட்டவன் நான். அடிக்கிறதுன்னா என்னை அடிங்க!"

காதர் பாய் பெட்டியிலிருந்து கை நிறையப் பழைய சிந்துகளை அள்ளி முன்வரிசையில் இருந்தவர்களிடம் நீட்டினார். ஒவ்வொருவராக அட்டைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். மீன்காரம்மா மூன்றையும் விரலால் தட்டித் தட்டி எண்ணினாள். பிறகு வாயைப் பிளந்து சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குக் கோயில் கட்டலாம்.

"அடிப்பாவி! எத்தினி தபாடி சாவ நீ!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. கட்டையை ஓங்கியவன் கட்டையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். மாமிச மலை அண்ணாச்சியின் மீசையைத் தடவிக் கொடுத்து, "மன்னிச்சிக்க நைனா, மீச மேல பூட்ச்சி கோவம்" என்றது. அடுத்த வேலையாக எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்களை ஏமாற்றியவன் இவன்தானே என்று ஒரு குரல். பந்தலிலிருந்து ஒரு பானை வந்தது, என் தலையில் கவிழ்ந்தது. பாய் தப்பவில்லை, தாடியெல்லாம் கறிவேப்பிலை. "இன்னா பேஜாரு நைனா இது" என்று அவர் பரிதாபமாகச் சொல்ல, நானும் சிரிக்க ஆரம்பித்தேன். ஓர் உயிர் பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் மிளகாய் கண்ணில் எரிந்ததுகூடத் தெரியவில்லை.

அண்ணாச்சி பொட்டலங்களை அன்றே விற்றுத் தீர்த்துவிட்டார். 'கொலைகாரன் பல்பொடி' என்று கேட்டு வாங்கினார்கள். குனிய முடியாமல் நின்றபடியேதான் பொட்டலம் மடித்தார். முதுகில் தடிப்பு. நான் காலில் விழப் போனேன். "வே, போயிரும். இன்னொரு தடவ என் மூஞ்சிய எடுத்தேருன்னா நெசமாவே கொல விழும்" என்றார். நிஜக் கொலைகாரன் ஒரு வாரம் கழித்துக் கூடூர் ரயிலடியில் பிடிபட்டான். ஒல்லியான ஆள். மீசையே கிடையாது.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. பல வருடம் இங்கேயேதான் நிறுத்திக்கொண்டிருந்தேன். சாராயக் கடையிலும் கல்யாண வீட்டிலும் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். உங்களுக்கு மிச்சத்தையும் சொல்லவேண்டும்.

கூட்டம் தேர்ப் பக்கம் போனபின், குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்பது வயது இருக்கும், ஒரு பெண் வந்து நின்றாள். கால் இரண்டும் உப்பில் வெடித்திருந்தன. இடுப்பிலிருந்து எங்கள் சிந்தை எடுத்தாள். அழகாக நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"இது என் தங்கச்சி இல்லியா நைனா?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். கத்திவாக்கத்தில் உப்பளத்தில் வேலை. பொன்னேரிப் பக்கம் வெட்டுப்பட்டவள் அவள் கூடப் பிறந்தவள். சேதி வந்து இவள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். காலையில் பாட்டைக் கேட்டு, படம் வந்திருக்கிறதே என்று வாங்கியிருக்கிறாள்.

"கண்ணாலத்துக்கு அப்பால ரெண்டு தபாதான் பாத்தேன். மொகம் மாறிப் பூட்டு இருக்கும்னு நென்ச்சேன்."

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, இல்லை என்று தலையாட்டினேன். அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பூ வைத்த அம்மாளையே பார்த்தாள்.

"போவட்டும். பேராவது அவ பேருதானே?"

அவள் தங்கையின் பெயர் கன்னியம்மா. கீரைக்காரிகள் என்னிடம் சரியாகத்தான் சொன்னார்கள். பாட்டில் அது எடுப்பாக இல்லை என்று நான் செண்பகவல்லி என்று மாற்றியிருந்தேன். சந்தத்துக்கு அது அழகாக உட்கார்ந்தது. பெட்டி மேல் ஏறி ஊருக்கே உண்மை சொன்னவன், அந்த ஒருத்தியிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமாம்மா, அவங்க பேருதான்."

"எங்க கீது? தொட்டுக் காட்டு, எனக்குப் படிக்கத் தெரியாது."

செண்பகவல்லி மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பக்கத்தைக் கலைத்து, கன்னியம்மா என்று கோத்தேன். பாய் பாடிப் பார்த்துவிட்டு, "நைனா, இந்த எடத்துல பாட்டு நொண்டுது" என்றார். நொண்டட்டும் என்றேன். புதுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு நாலாம் நாள் கத்திவாக்கம் போனேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு புத்தகத்தையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் அந்த ஒரு இடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள்!

"எழுத்து வேற மாதிரி கீதே. எது அவ?"

இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

"நாலு நாளா இந்த எழுத்து மேல கைய வச்சி அழுதுகினு இருந்தேனே" என்றாள். குரலில் கோபமே இல்லை. அது எனக்குக் கட்டையடியைவிட வலித்தது.

மற்ற மூன்று பேர் பெயரையும் மாற்றிவிட்டேன் என்றும் ஒப்புக்கொண்டேன். சொல்லுங்கள் அம்மா, எல்லாவற்றையும் சரியாக அடித்துத் தருகிறேன் என்று பென்சிலை எடுத்தேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு செய்தியைக் கேட்டு எழுதிக்கொண்ட நாள் அதுதான். தங்கை புருஷன் பெயர் மாணிக்கம் என்றாள். எழுதினேன். மாமியார் பெயர் பச்சையம்மா. எழுதினேன்.

"குழந்தை பேர்?"

அவள் பாத்தியைப் பார்த்தபடி சொன்னாள். "இன்னும் வெக்கல. தேருக்கு வந்து வெக்கறதா இருந்தா."

என் பாட்டில் அந்தக் குழந்தைக்கு ராஜகுமாரன் என்று பெயர்.